கல்லோடு வந்தது

எட்வேட்டின் வலக்கை விரல்கள் பணியாரம் போல வீங்கியிருந்தன. அந்தக் கையோடுதான் கடல்தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். டொக்டரிடம் போகமாட்டாராம். வெளிநாடு வந்து மோர்டனில் வீடு வாங்கிய கையோடு முன் அறையில் பாதியை அந்தக் கண்ணாடித் தொட்டிக்குத் தாரைவார்த்த மனிதர். பவளம் பிடித்து வளர வேண்டுமென்று கடையிலிருந்து கடற்கல் வாங்கிவந்து அடுக்கினார். கல்லின் பொந்துக்குள் ஒளிந்திருந்து இந்தச் சனியன் பிடித்த புழுவும் கூடவே வந்துவிட்டது. முழ நீளம், மட்டத்தேள் மாதிரி உடம்பெல்லாம் கால். விளக்கை அணைத்தால் தலை நீட்டும், போட்டால் மறைந்துவிடும். என்ன புழுவென்று விற்றவனுக்கே தெரியவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. கையை விட்டுப் பிடிக்கப்போனவருக்கு அதன் விஷமுள் ஏறியதுதான் மிச்சம்.

"கல்லைத் தூக்கி எறியுங்கோவன்" என்றாள் மனைவி பெர்னடெற்.

"அது உயிருள்ள கல்லு. உமக்கு விளங்காது."

அவளுடைய தம்பி பீற்றர் மேலே சின்ன அறையில் இருந்தான். அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. முடிவு வரும்வரை இந்த வீடுதான் அவன் கொடுத்த விலாசம். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை முடிந்து வந்து அவன் சுடுதண்ணீரில் குளித்தால், எட்வேட் பேப்பரிலிருந்து கண்ணை எடுத்துக் கூரையைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து பீற்றர் குளிர்நாளிலும் பச்சைத்தண்ணீரில் குளிக்கப் பழகியிருந்தான்.

ஊரில், மன்னாரில், விஷம் தீண்டினால் முதலில் தேடுவது மடுமாதா கோயில் மண்ணைத்தான். அங்கிருந்து வெளிக்கிடும்போது அம்மா பெர்னடெற்றிடம் அதில் ஒரு பொட்டலம் கட்டித் தந்திருந்தாள். அதைக் கையில் பூச வந்த மனைவியை எட்வேட் சிரித்து விரட்டிவிட்டார். கையில் பூச விடாவிட்டால் என்ன, விஷமிருப்பது தண்ணீரில்தானே என்று பெர்னடெற்றுக்குத் தோன்றியது. அவர் வேலைக்குப் போனதும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிப் பொட்டலத்தை அப்படியே தொட்டிக்குள் கொட்டினாள். புருசன் மீதிருந்த அன்பில்தான் கொட்டினாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? மத்தியானத்துக்குள் தண்ணீர் செம்மண் குழம்பாகி, மிச்ச மீன்களும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பவளங்களின் மேல் சேறு படிந்தது.

எட்வேட் வந்து பார்த்தார்.

"ஆர்?"

படியிறங்கி வந்த பீற்றர் முதலில் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான்.

"நான்தான் அத்தான். மாதாட மண்ணெண்டு போட்டன்."

ரெண்டு ஏச்சோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பான். பெர்னடெற் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் இந்த மனிதரின் கோபம் அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் முகம் பார்க்காமல், கதைக்காமல், வைத்த சோற்றைத் தொடாமல் ஆளைக் கொல்லுகிற கோபம். அந்தப் பயத்துக்கு முன்னால் கூடப்பிறந்தவன் சின்னதாகிப் போனான். அவள் பேசாமல் நின்றாள்.

"உன்ர சாமானை எடு" என்றார் எட்வேட்.

பீற்றர் ஒரு பையோடு போனான். ரெய்னர்ஸ் லேனில் சிநேகிதன் ஒருவனின் குசினித் தரையில் படுக்க இடம் கிடைத்தது. வெளிக்கிடும்போது வாசலில் வைத்து, "விடக்கா, பிறகு பாப்பம்" என்று மட்டும் சொன்னான். அவன்தான் அவளைத் தேற்றினான்.

தண்ணீரை மாற்றி, கல்லையெல்லாம் கழுவி அடுக்கி, எட்வேட் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு பின்னேரம் அவருடைய குரல் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

"இஞ்ச பாரும், ஆள் சாகேல்லை!"

கல்லிடுக்கிலிருந்து அந்தப் புழு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எட்வேட்டின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை அவள் கலியாணத்தன்றும் கண்டதில்லை.

"எல்லாம் செத்தும் இது தப்பியிருக்கு. பாவம், பட்டினி கிடந்திருக்கும். இறால் இருந்தாச் சின்னனா வெட்டிக்கொண்டு வாரும்."

ஞாயிறு கோயில் பூசைக்கு வரும் பீற்றருக்குப் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கவென்று வாங்கிய இறால்தான் இருந்தது. வெட்டினாள். கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தாள். எட்வேட் ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். அது வெடுக்கென்று பறித்தது.

"ஆறுதலாத் தின்னு ராசா" என்றார் எட்வேட். "ஆரும் உன்னை இந்த வீட்டால கலைக்கமாட்டினம்."

பெர்னடெற் அடுத்த துண்டை எடுத்து நீட்டினாள்.