அனுப்பிவைக்கும் பயிற்சி

அந்த மருந்து ஏறினால் செத்தவர்கள்கூட வந்து பேசுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் தனபால் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தார். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற மனிதர். இப்படியொரு சோலிக்காகக் கோவைப் பீளமேடு வரை பஸ் ஏறுவார் என்று போன வருஷம் சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். அப்போது மௌனிகா இருந்தாள்.

ஒரே மகள். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, டெங்குக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டாள்.

ஆய்வு மையத்தில் அவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. துக்கம் ஆறாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று முன்பே விசாரித்து வைத்திருந்தார். "சும்மா ஒரு ஆசைதானுங்க" என்று சொல்லிவிட்டு, ஆய்வுக்கு வந்திருந்த ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, உள்ளே தோன்றும் காட்சிகளை மணிக்கணக்கில் நீட்டிப்பார்களாம். தோன்றுவதைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் மிரண்டுபோவார்கள். அதனால் முதலில் பிடியை விடப் பழக வேண்டும், பழகியவருக்குத்தான் மருந்து. பயிற்சி கொடுத்தவள் லோகப்பிரியா என்ற மனநல ஆலோசகர்.

"மூச்சக் கவனிங்க. ஏதாச்சும் நெனப்பு வந்தா, வந்திருக்குதுன்னு பாத்துட்டு அனுப்பி உட்ருங்க."

கண்ணை மூடியதும் மௌனிகா வந்துவிடுவாள். தறிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று பின்னாலிருந்து அப்பாவின் தோளைத் தட்டுவது அவள் வழக்கம். அந்தத் தட்டு அப்படியே தோளில் விழும். தனபால் உதட்டுக்குள் முணுமுணுப்பார்: "போயிட்டு வா சாமி."

அது லோகப்பிரியாவின் காதில் விழுந்துவிட்டது. சிரித்தாள். "ஏனுங்ண்ணா, நெனப்ப ஊட்டுக்கு வந்த ஒறம்பரையாட்ட போயிட்டு வான்னு வழியனுப்புனா அது வந்துட்டேதான் இருக்கும். போன்னு மட்டும் சொல்லிப் பாருங்க."

அவள் மேல் குற்றமில்லை, பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் ஆகாதவனைக்கூட வெறும் 'போ' என்று படியிறக்காத ஊரில் பிறந்தவர், பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னார். மருந்து ஏறி மகளைப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லித்தானே ஆக வேண்டும்? முதல் நாள் நாக்கு எழவில்லை. அடுத்த வாரம் எழுந்தது. தறிக் குடோனில், பஸ்ஸில், சாப்பாட்டுக்கு முன்னால் என்று விடாப்பிடியாகப் பழகினார். இழை அறாமல் தறி ஓடுவது போல மனசு ஓட ஆரம்பித்தது. அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று லோகப்பிரியா மற்றவர்களிடம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் மனைவி சாந்தாமணி பீரோவை ஒதுக்கும்போது மகளின் துப்பட்டா கையில் சிக்கியது. முகத்தில் பொத்திக்கொண்டு கதறினாள். தனபால் பக்கத்தில் நின்று தன் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நெஞ்சு கல்லாப் போச்சுங்களா?" என்றாள் அவள்.

தனபால் வாசலுக்கு வந்து கண்ணை மூடி, தோளில் அந்தத் தட்டு விழக் காத்து நின்றார். விழவில்லை. "வா சாமி" என்று கெஞ்சினார். முகத்தையாவது நினைத்துப் பார்க்கலாம் என்றால், சுவரில் மாட்டியிருக்கும் போட்டோதான் வந்தது.

மறுநாள் மையத்தில் லோகப்பிரியா மலர்ந்த முகத்தோடு எதிரே வந்தாள். "உங்களத்தானுங்ண்ணா மொதல்ல எடுத்திருக்கறோம். வார திங்கக்கெழம மருந்து."

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அனுப்புனதத் திரும்பக் கூப்படறதுக்கு ஏதாச்சும் பயிற்சி இருக்குதுங்களா?"

"எதைங்ண்ணா?"

"எம்புள்ளைய. செத்துப்போன புள்ளைங்க. தெனமும் என்னத் தேடி வந்துட்டு இருந்தா. நாந்தான் போன்னு சொல்லிப்போட்டனுங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. இனி அவருக்கு மருந்தும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுருங்ண்ணா" என்றாள்.

அழுகை வரட்டும் என்று அவரும் காத்திருந்தார். மூச்சு மட்டும் சீராக வந்து போய்க்கொண்டிருந்தது.