புழுக்கல் வீடு

உலைக்காரியின் வீடு முதன்முதலில் நீண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. படுக்கையறை கிழக்கே நாலடி வளர்ந்திருந்தது. அதுவரை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும். அன்று அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு, அவள் கணவரான லாரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டைக் கட்டிய கொத்தனார் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். சுவர் நேராகத்தான் நிற்கிறது, விரிசல் ஒன்றும் இல்லை, கூரையும் கூடவே வந்திருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெர்மிகுலைட் பொரித்தார்கள். மைக்கா மாதிரி ஏடு ஏடாக மின்னும் கல் அது. ஆயிரம் டிகிரி சூட்டில் சில நொடி விழுந்தெழுந்தால், ஏடுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகி, ஒவ்வொரு துணுக்கும் புழுவாக நெளிந்து பத்து மடங்கு நீளும். தொழிலாளிகளுக்கு அதனால் அது புழுக்கல். பொரிந்தபின் மூட்டை முழுக்கக் காற்றுதான், லாரி வாடகைக்குக் கட்டாது. ஆகவே சுரங்கத்திலிருந்து மூன்று நாள் பயணத்தில் பச்சைக் கல்லாகவே வந்து, இங்கே பொரிந்து, நாற்றுப் பண்ணைக்கும், கூரைக்கடியில் வெயிலைத் தடுக்கிறவர்களுக்கும், கண்ணாடிக் குப்பிகளைப் பெட்டியில் அடைக்கிறவர்களுக்கும் போயிற்று. ஏற்றி வந்தவர் கணவர், பொரித்தவள் மனைவி. சூடு குறைந்தால் கல் கல்லாகவே நிற்கும், மிஞ்சினால் நொறுங்கிப்போகும். பொரியும் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. வீடு கட்டும்போது லாரித் தட்டில் சிந்திக் கிடந்த பச்சைக் கல்லைக் கூட்டி அள்ளிக் கலவையில் சேர்த்திருந்தார்கள். சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? உலைக்கு ஆயிரம் டிகிரி வேண்டியிருந்தது, இந்தச் சுவருக்கு வாய்ச்சண்டையே போதுமானதாக இருந்தது.

சண்டை எப்போதும் ஒன்றேதான். சுரங்கத்தில் அவருக்குக் குவார்ட்டர்ஸோடு மேஸ்திரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "எத்தனை வருஷம்தான் ஸ்டியரிங்கைப் புடிச்சிட்டே இருக்கிறது? முதுகே போச்சு" என்பார். "அங்க எனக்கு என்ன இருக்கு? சோறு வடிச்சிட்டு உக்காந்திருக்கவா?" என்பாள். கூடம் ஆறடி நீளும். கைக்குழந்தையாக இருந்த மகள் நடக்கத் தொடங்கியபோது வீட்டில் நீண்ட நடை ஒன்று உண்டாகியிருந்தது. பிறகு நடையில் கதவுகள், கதவுகளுக்குப் பின்னால் அறைகள். நாலாம் வருஷம் சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு அவர் சைக்கிளில் போனார். அவளுக்கோ எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வாள். எழுந்தால், எந்த அறைக்கு எதற்காகப் புறப்பட்டோம் என்பது பாதி வழியில் மறந்துபோகும்.

ஆறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு வயது மகளைக் காணவில்லை. பொரிந்த சுவர் சத்தத்தை விழுங்கிவிடும் என்பதால் கூப்பிட்டுப் பயனில்லை, ஆனாலும் கூப்பிட்டார்கள். அவர் வடக்குக் கோடியிலிருந்தும் அவள் தெற்குக் கோடியிலிருந்தும் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு வந்தார்கள். ஜன்னலே இல்லாத, தலை இடிக்கிற அறைகள் சில இருந்தன. வெளியே சொல்லாமல் மென்று விழுங்கிய கோபத்தில் வளர்ந்தவை அவை. அவற்றில் பாதி தன்னுடையவை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மூன்று மணி வாக்கில் ஒரு முடக்கில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"அந்தப் பக்கம்?"

"இல்ல. உங்க பக்கம்?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். உதடு காய்ந்திருந்தது. அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். மிச்சக் கதவுகளைச் சேர்ந்தே திறந்தார்கள்.

கடைசி அறையில் மகள் சுவரில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"தொண்டை கிழியக் கத்தினோமே, கேக்கலையாடி?"

"கேக்காத இடமாப் பாத்துத்தான்மா வந்தேன்" என்றாள் மகள். "நீங்க ரெண்டு பேரும் பேசுறது இங்க கேக்கல."

லாரிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உலைக்காரி பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். வாசல்வரை அவரிடம்கூட மாற்றிக் கொடுக்கவில்லை.

பொரிந்த கல் திரும்பச் சுருங்காது, அது இருவருக்கும் தெரியும். மறுநாள் அவர், "அந்தக் குவார்ட்டர்ஸைப் போய்ப் பாத்துட்டாவது வரலாம், வா" என்றார். அவள் முதல் தடவையாக லீவு சொன்னாள். மூன்று நாளும் லாரியில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சண்டை போட்டார்கள். லாரி ஒரு அங்குலமும் நீளவில்லை. நடுவில் இருந்த மகள், "என் காதுல கத்தாதீங்க" என்றபோதெல்லாம் குரலை இறக்க வேண்டியதாயிற்று.

குவார்ட்டர்ஸ் இரண்டே அறை. அவள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"செங்கல்லு. அசையவே அசையாது" என்றார் அவர்.

"இதுக்குள்ள கோவிச்சிக்கிட்டு எங்கங்க போறது?"

"லாரியில மூணு நாள் எங்க போனோம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்கு யோசித்துச் சொல்வதாக அவர் ஆபீஸில் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதன்பிறகு, பேச்சு சூடேறும்போது யாராவது ஒருவர் சாவியை எடுப்பார், மற்றவர் பின்னாலேயே போய் லாரியில் ஏறிக்கொள்வார். கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர்கள் வாயசைப்பதைத் தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. வீடு நாற்பத்தோரு அறையோடு நின்றது. காலியான அறைகளில் நாற்றுப் பண்ணைக்காரர் தட்டுகளை அடுக்கியிருக்கிறார், குளிர்காலத்திலும் முளைக்கிறதாம். அப்படியும் சில காலையில் லாரிவரை போகப் பொறுமை இருக்காது, அடுப்படியிலேயே வாயை விட்டுவிடுவார்கள். சமையலறை ஒரு சாண் நீளும். உலைக்காரி அடுப்பை ஒரு சாண் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தோசை ஊற்றுவாள்.