பெரிய கைகளுக்குப் புதன்கிழமை விடுமுறை

பல் மருத்துவர் பங்குச் சந்தையைப் பற்றி எவரிடமும் வலியச் சென்று பேசும் வழக்கமுடையவர் அல்லர். தம்மிடம் வந்து வாயைத் திறந்து படுத்தவர்களிடம் மட்டுமே பேசுவார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு மறுத்துப் பேச இயலாதாகையால், தம் கருத்துகளை எல்லாரும் ஏற்றுக்கொள்வதாக அவருக்கு ஓர் எண்ணம்.

அண்மைக் காலமாக அவர் பேச்செல்லாம் ஒரு சின்னஞ்சிறு மென்பொருள் கம்பெனியைப் பற்றியே இருந்தது. விலையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது, எத்தனை பங்குகள் கைமாறுகின்றன என்ற வால்யூமையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. யாரும் சீந்தாமல் கிடந்த அந்தப் பங்கின் சார்ட்டில், விலைக்கோட்டுக்கு அடியில், நாளுக்கு ஒன்றாக நிற்கும் வால்யூம் பட்டைகள் மளமளவென்று வளர்ந்திருந்தன. தொழில்நுட்பத் துறை முழுமைக்குமான சார்ட்டோ சறுக்கிக்கொண்டிருந்தது. துறையே படுத்துக் கிடக்கையில் இது ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கிறதென்றால், விஷயம் தெரிந்த பெரிய கைகள் உள்ளே புகுந்துவிட்டன என்று அவர் முடிவு கட்டினார்.

ஆகவே, புது நாற்காலிக்கென்று சேர்த்த பணத்தை அதில் போட்டுவிடத் துடித்தார். பழைய நாற்காலி, பல்லில் துளையிடும் நேரம் பார்த்து மெல்லத் தானாகவே கீழிறங்கும். மருத்துவரும் கூடவே குனிந்துகொண்டு போவார். பணத்துக்குப் பொறுப்பாளர், வரவேற்பு மேசையில் அமர்ந்து நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் அவர் மனைவி. அவர் இலேசில் மசியவில்லை. அந்தச் சார்ட்டைத் தாமும் பார்க்க வேண்டும் என்றார்.

மதிய இடைவேளையில் மருத்துவர் பெருமையோடு காட்டினார்.

“நடுநடுவுல குட்டையா ஒண்ணு நிக்குதே, அது என்னங்க?”

“அது புதன்கிழமை. பெரிய கைங்க வாரத்துல ஒருநாள் ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. அதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு.”

“புதன்கிழமை நமக்குல்ல லீவு?”

மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. மைத்துனர் கல்யாணத்துக்காகக் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போன வாரத்தைத் தேடிப் பார்த்தார். அந்த வாரம் முழுக்கப் பட்டைகள் தரையோடு தரையாகக் கிடந்தன. நாற்காலியில் படுத்துத் தலையாட்டிய ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. அவர்கள் துறைச் சார்ட்டைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அதனால்தான் துறை சறுக்கியபோதும் அஞ்சாமல் வாங்கியிருக்கிறார்கள்.

“நீங்க ஊசி போட்டா ஈறு மட்டும்தான் மரத்துப்போகும்னு நினைச்சேன்,” என்றார் மனைவி.

நாற்காலிப் பணம் தப்பியது. ஆனால் மருத்துவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஒருவரிடம் முதலில் சொன்னால் அவர் மட்டும் போனிலேயே விற்றுத் தப்புவார் என்பதால், வழக்கமாக வந்துபோகும் எல்லாரையும் மாலையில் வரவழைத்தார். பெரிய கைகள் எவையும் அந்தப் பங்கை வாங்கவில்லை என்றும், அவர்களையே பெரிய கைகளென்று தாம் நம்பிவிட்டதாகவும் சொல்லி, பணிவோடு மன்னிப்புக் கேட்டார்.

வந்திருந்தவர்களில் ஒருவரான தையல்காரர் பக்கத்திலிருந்த பஸ் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பள்ளி ஆசிரியையைப் பார்த்தார்.

“அப்போ நாம யாரும் விக்கலைன்னா விலை இறங்காதுதானே, டாக்டர்?” என்று ஆசிரியை கேட்டார்.

கம்பெனி சம்பாதிக்காமல் விலை நிற்காது என்று மருத்துவர் விளக்க முற்பட்டார். யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

“நான் விக்க மாட்டேன்,” என்றார் தையல்காரர். “ஆனா டிரைவர் அண்ணன் விப்பாரு, பாருங்களேன்.”

“நீ முதல்ல உன் போனை உள்ள வை தம்பி,” என்றார் டிரைவர்.

மனைவி மறுநாளே புது நாற்காலிக்குச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. ஏனெனில், பல்லில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட இப்போது சுத்தம் செய்துகொள்ள வேண்டுமென்று நாள் தவறாமல் வந்து, வரவேற்பறை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அடுத்தவர் போனை ஓரக்கண்ணால் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.