ஏறுவதற்கு மட்டும் வரைந்த படிக்கட்டு

நாடக அரங்கின் பின்சுவரில் தான் வரைந்த படிக்கட்டிலேயே அரங்கின் திரை ஓவியர் ஏறிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அன்று வெயில் மிதமாக இருந்தது. பேருந்துகள் நேரத்துக்கு ஓடின. எட்டாவது படியின் ஓரத்தில் நிழல் சரியாக விழவில்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. ஏணியை எதிர்க்கடைக்காரர் இரவல் வாங்கிப் போயிருந்தார். ஓவியர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு ஏதோ யோசனையில் முதல் படியில் கால் வைத்தார், அது தாங்கியது. ஏழாவது படிவரை போய், நிழலைத் திருத்திவிட்டு, இறங்கலாம் என்று திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது.

அவர் இருபத்தாறு வருடம் மேடைக்குத் திரை எழுதியவர். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாததை வரைந்து வர்ணத்தை வீணாக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். மேடை அரண்மனைக்கு முகப்பு உண்டு, முதுகு கிடையாது. நகரை அழகுபடுத்தும் திட்டத்தில் இந்தச் சுவர் கிடைத்தபோதும் அவர் அப்படித்தான் வரைந்தார். தெருவில் நிற்கிறவருக்கு ஐந்தாவது படி கண்மட்டம். அதுவரை உள்ள படிகளுக்குக் கால் வைக்கும் பரப்பு தெரியும், அதை வரைந்திருந்தார். அதற்கு மேலே முகப்பு மட்டும்தான் தெரியும். முகப்பை மட்டும் வரைந்திருந்தார். ஏறுகிறவர் எதிரே பார்க்கிறார், அவருக்கு முகப்பு போதும் போலிருக்கிறது. இறங்குகிறவர் கீழே பார்க்க வேண்டும். ஆறாவது படியில் கீழே பார்க்க எதுவும் இல்லை. உச்சியில், பத்தொன்பதாவது படிக்கு மேல், பாதி திறந்த கதவு ஒன்று இருந்தது. கதவின் இடுக்கில் கறுப்பு வர்ணம் இழுத்துவிட்டிருந்தார்.

அவர் மனைவிக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய் நகரத்தைச் சுற்றிக் காட்டுகிற வேலை. எல்லோரும் அவளை ஊர்காட்டி என்றே அழைத்தார்கள். வீரன் ஒரு மழைக்காலத்தில் இறங்கிப் போய்விட, குதிரை மட்டும் மிஞ்சிய வெண்கலச் சிலை, கூட்டம் சேர்ந்தால் பதினோரு நிமிடம் பின்தங்கும் சதுக்கத்துக் கடிகாரம், நாளைக்குப் போடப்போகும் கடிதத்தை இன்றைக்கே கொண்டு சேர்க்கும் தபால்பெட்டி என்று அவள் காட்டாத அதிசயம் இல்லை. ஆகவே தகவல் கேட்டு ஓடிவந்தவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

“கண்ணாடி போடாம வேலை செய்யாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?”

“போட்டிருந்தா மட்டும் படி வந்துருமா?” என்றார் சுவரிலிருந்து.

அவள் முதல் படியில் கால் வைத்துப் பார்த்தாள். செருப்பு சுண்ணாம்பில் உரசிக் கீழே வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்கள் இல்லையா என்று கேட்டாள். அவர் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, நீ சாப்பிடு என்றார்.

கடைகளுக்குப் போர்டு எழுதும் அவள் தம்பி அன்று மாலையே சாரம் கட்டி ஏறினான். சுவருக்குள் போய்ச் சேர்வது வர்ணம் ஒன்றுதான் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அவள் தூக்கிப் போட்ட அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு சுவரில் பட்டுத் திரும்பி வந்திருந்தது. தம்பி முதலில் ஒரு கிளாஸ் டீ வரைந்து கொடுத்தான். ஓவியர் குடித்துப் பார்த்துச் சர்க்கரை இல்லை என்றார். “சர்க்கரைய எப்படி மாமா வரையறது?” என்றான் தம்பி. பிறகு ஆறாவது படிக்கு மேல்பரப்பு வரைய நான்கு நாள் போராடினான். எழுத்தென்றால் அவன் கை அச்சு மாதிரி; படி அவனுக்கு வரவில்லை. வரைந்ததெல்லாம் சுவரில் சாத்திய பலகை மாதிரி சரிந்து நின்றது. ஓவியர் கால் நீட்டும்போதெல்லாம் வழுக்கியது. “மச்சான், நீ போட்டது போர்டுடா, படி இல்ல” என்று மேலிருந்து சலித்துக்கொண்டார். வேறு நல்ல ஓவியரைத் தேடுவதற்குள் சுவர் திறப்பு விழா நடந்து முடிந்துவிட்டது. திறந்துவைத்த சுவரில் ஒரு கோடு கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று நகராட்சி, தம்பியின் பலகையைத் துடைத்துவிட்டு, கம்பிவேலி போட்டது.

ஓவியர் ஆண்டுக்கு ஒரு படி ஏறினார். விரும்பி ஏறவில்லை. வர்ணம் உலர உலர இழுக்கிறது என்று சொன்னார். படிகள் மேலே போகப் போகக் குறுகும்படி வரைந்திருந்ததால் அவரும் குறுகினார். மூன்றாம் ஆண்டில் முழங்கை உயரம், ஐந்தாம் ஆண்டில் சாண் உயரம். குரலும் அதே கணக்கில் சுருங்கியது. குரல் நன்றாகக் கேட்ட முதல் ஆண்டிலேயே அவள் கேட்டு வைத்திருந்தாள், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று.

“ஒண்ணும் வரையல.”

“அப்ப?”

“அதான் சொல்றேனே. ஒண்ணும் வரையல.”

அவர் கதவை எட்டுவதற்குள் படிகளுக்கு மேல்பரப்பு வரைய அனுமதி வாங்க வேண்டும் என்று அவள் மனு எழுதினாள். மாதம் ஒரு மனு, ஒவ்வொன்றுக்கும் நகல், ஒவ்வொரு நகலிலும் தேதி முத்திரை. எழுபத்தோராவது மனுவுக்குப் பதில் வந்தது. பொதுச்சுவர்ப் பிரிவு அதிகாரி நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், வெயிலில் காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அங்கீகரித்த மாதிரி ஓவியத்தை விரித்துச் சுவரோடு ஒப்பிட்டார். படிகள் சரி, கதவு சரி. பன்னிரண்டாவது படியில் ஓர் ஆண் உருவம் கூடுதலாக இருந்தது.

“ஆளா இருந்தா ஆக்கிரமிப்பும்மா, அகற்றியாகணும். ஓவியர் கையால வந்த வர்ணம்னா விட்டுடலாம். மனு குடுத்தவங்க நீங்க, நீங்கதான் எழுதித் தரணும்.”

“அகற்றினா கீழ இறக்கித் தருவீங்களா?”

“துடைப்பாங்க” என்றார் அதிகாரி.

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். அவள் தட்டச்சு செய்த தாளை எடுத்துக்கொண்டு வேலியருகே போய், இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். சுவரில் காணப்படும் உருவம் என் கணவர் அல்ல, அது அவர் தீட்டிய வர்ணம் என்று அதில் இருந்தது. அவரிடம் கண்ணாடி இல்லை. வெகுநேரம் குனிந்து பார்த்தார், பிறகு கையை உயர்த்தினார். சரி என்றாரா, வேண்டாம் என்றாரா, அவ்வளவு உயரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வருடம் குனிந்து பார்த்த கழுத்து, வலிக்காமல் இருக்குமா என்றான் தம்பி. அவள் அதை ஒப்புக்கொண்டாள். வர்ணத்துக்காக மனுப் போட வழியில்லை என்பதால் மனுக்கள் நின்றன. மேசை காலியானது, அதில் துணி மடித்து வைத்தாள். பதிமூன்றாம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பதினோரு வெளியூர்க்காரர்களோடு அவள் நின்றுகொண்டிருக்கும்போது, கட்டைவிரல் நகம் அளவு இருந்த ஓவியர் கதவுக்குள் போனார். அப்போது ஒருவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த மாத ஆய்வில் அதிகாரி, சுவர் மாதிரி ஓவியத்தோடு முழுமையாகப் பொருந்துகிறது என்று எழுதிக் கோப்பை முடித்தார். வேலியும் எடுக்கப்பட்டது.

கடிகாரத்துக்கும் குதிரைக்கும் நடுவில் அவள் இப்போதும் அந்தச் சுவரைக் காட்டுகிறாள். இதில் என்ன விசேஷம் என்று கேட்பவர்களிடம், ஏறலாம், இறங்க முடியாது என்கிறாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் எடுத்து முடிக்கும்வரை அவள் கால்வலிக்கு முதல் படியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். படி அவளை எப்போதிலிருந்து தாங்குகிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. போன மழைக்குப் பிறகு இரண்டாவது படியில் உட்காருகிறாள்.