பேரம் பேசாத சேலை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கம்பத்தில் இருக்கும் எங்கள் ஜவுளிக்கடையில். அனுமந்தன்பட்டி மொக்கம்மாள், என் அப்பா காலத்து வாடிக்கை. ஒரு துண்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார். அவர் படியேறுவதைப் பார்த்தால் அப்பா முதலில் ஒரு செம்பு தண்ணீர் குடித்துக்கொள்வார். ஆனால் தீபாவளிக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு சேலை, விலையே கேட்காமல் எடுப்பார். பேரம் பேசாமல் வாங்குகிறவர் ஒன்று பணக்காரராக இருக்க வேண்டும், இல்லை குற்றவாளியாக. மொக்கம்மாளிடம் பணம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: “பள்ளத்தாக்கின் மேல் யுத்த மேகம் கவிந்தபோது—”

அடித்துவிட்டேன். எங்கள் மலையில் மேகம் தினமும்தான் கவிகிறது.

இரண்டாவது: “மொக்கம்மாள் 1921-ல் பிறந்து—”

தொண்ணூற்றொரு வருஷத்தை இப்படி விரித்துப் போட்டால் நீங்கள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவீர்கள். ஒரு முழம் மட்டும் கிழித்துத் தருகிறேன்.

3

1943. தேனியில் ஒரு மிலிட்டரி காண்ட்ராக்ட் கொட்டகை. விமானத்தின் கண்ணில் படாமல் இருக்க லாரி, பீரங்கி மேல் போர்த்தும் வலைகளில் பச்சை, காக்கித் துணிக் கீற்றுகளைக் கட்டுவது நாற்பது பெண்களின் வேலை. [சரக்கு லாரியில் போனது. போடி லைன் தண்டவாளத்தையே யுத்தத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.]

மொக்கம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் சுருளியாண்டி அவள் கையை ஒடித்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். “சம்பளம் வர்ற வரைக்கும் இரு. நின்னுச்சுன்னா அவன்கிட்டயே போயிரு” என்று அண்ணன் முதலிலேயே பேசி முடித்திருந்தான்.

ஒரு நாள் சோதனைக்கு வந்த மிலிட்டரி அதிகாரி ஒரு கீற்றை இழுத்தார். கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. கொஞ்ச நேரத்தில் வலை மொட்டை. கொட்டகையில் சொல்லிக்கொடுத்தது இரட்டை முடிச்சு. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியதும் நாற்பது ஜோடிக் கைகளும் பழகிய உருவாஞ்சுருக்குக்குப் போயிருந்தன. மாடு மிரண்டால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும் என்று தொழுவத்தில் போடுகிற முடிச்சு. அதிகாரிக்குத் தொழுவம் தெரியாது. “நாசவேலை” என்றார்.

அவர் போனதும் மேஸ்திரி ஞானதுரை வந்தார்.

“இந்த முடிச்ச எவடி சொல்லிக் குடுத்தது?”

“மாட்டைக் கேளுங்க!” என்றது பின்வரிசை.

“இளிக்காதீக. தொரை ஒரு பேரு கேக்குறாக. சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நாப்பது பேரும் நாளைக்கு வராதீக.”

“யாரும் சொல்லிக் குடுக்கலண்ணே. பெறந்ததுலருந்து இப்படித்தான் கட்டுறோம்” என்றாள் மொக்கம்மாள்.

“அதை எப்படித்தா இங்கிலீசுல எழுதுறது? எனக்குப் பேரு வேணும். வாய் இருக்குல்ல, நீயே சொல்லு. இல்லேன்னா ஒம்பேர எழுதிக்கிறேன்.”

மொக்கம்மாளுக்குப் பக்கத்து இடம் காலி. பண்ணைப்புரம் சண்முகத்தாய் பத்து நாளுக்கு முன்னால் பிள்ளைப்பேறுக்குப் போயிருந்தாள். “என் எடத்துல எவளையும் ஒக்காரவிட்றாதடி” என்று தன் சாக்கை அங்கேயே விரித்துவிட்டுப் போயிருந்தாள்.

மொக்கம்மாள் சாக்கைப் பார்த்தாள். பிறகு—

4

இதுவரைக்கும் கடையில் உட்கார்ந்து அவரே சொன்னது. மீதி இவ்வளவுதான்:

“அப்புறம்?”

“பேரச் சொன்னேன்.”

“யாரு பேர ஆத்தா?”

“ஏலே, சேலையக் கட்டு. பண்ணைப்புரம் பஸ்ஸு போயிரும்.”

ஆகவே முடிவை நான்தான் தைக்க வேண்டும்.

முடிவு ஒன்று: தன் பெயரையே சொன்னாள். ஞானதுரை மனம் இளகி—

[இளகவில்லை. இந்தச் சரக்கை என் கடையில் நானே வாங்க மாட்டேன். யுத்தம் முடியும்வரை மொக்கம்மாள் அதே கொட்டகையில் இருந்தாள். பிறகு முப்பது வருஷம் நூல் மில். சுருளியாண்டி வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவே இல்லை.]

முடிவு இரண்டு: சண்முகத்தாய் பெயரைச் சொன்னாள். கைப்பிள்ளையோடு வந்தவளை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்று அவளிடம் சொன்னார்களா? சொல்லியிருந்தால், மொக்கம்மாள் கொண்டுபோய்க் கொடுத்து அத்தனை தீபாவளிக்கும் தான் கட்டியது என்ன சேலை என்று சண்முகத்தாய்க்குத் தெரியும். சொல்லவில்லை என்றால், அது ஒரு சிநேகிதி எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

எதை எழுதினாலும் யாரோ ஒருத்தரை நான் ஏமாற்றுகிறேன்.

5

போன மாதம் மொக்கம்மாள் வந்து இந்த வருஷச் சேலையை எடுத்தார். “டாக்டரப் பாத்துட்டு வாறேன், இங்கனயே இருக்கட்டும்” என்றார். வரவில்லை. எட்டாம் நாள் காரியமெல்லாம் முடிந்தது.

நேற்று பண்ணைப்புரத்திலிருந்து சண்முகத்தாய் ஆள் விட்டிருந்தார். வந்தவன் மொக்கம்மாள் எப்படிச் செத்தார் என்று கேட்கவில்லை. “இந்த வருசச் சேலை எங்கனன்னு கேட்டு வரச் சொன்னாக” என்றான்.

இன்னும் பொட்டலம் கட்டவில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பொட்டலம் இதோ, கல்லா மேல். நூலை மொக்கம்மாளே தன் கையால் கட்டியிருக்கிறார். உருவாஞ்சுருக்கு. நாலரைக்குப் பண்ணைப்புரம் பஸ் இருக்கிறது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். சண்முகத்தாய் நூல் நுனியைப் பிடித்து இழுக்கும்போது சேலையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

திரும்பி வந்து என்னிடம் சொல்ல வேண்டாம்.