கழன்ற சக்கரங்கள்

விடுமுறைக் காலம் வந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். பொம்மைக்காரன் வீட்டில் மட்டும் உட்கார இடம் இருக்காது. பின்னறைதான் பட்டறை என்று பேர். ஆனால் ஆண்டுக் கடைசியில் அந்தப் பட்டறை மெல்லக் கால் நீட்டிக்கொள்ளும். கூடத்துச் சோபாவில் மரப்பறவைகள் காயும். குளியலறைக் கொடியில் துணிக்குப் பதிலாக நூலில் கோத்த நட்சத்திரங்கள் தொங்கும். மரத்தூள் தலையணை உறைக்குள் இருக்கும், சர்க்கரை டப்பாவில் இருக்கும், மாமனாரின் காதுமடலில்கூட இருக்கும்.

அந்த வருஷம் பட்டறை கட்டில்வரை வந்துவிட்டது. கடைத்தெருவில் இருந்த பெரிய கடை ஒன்று முதல்முறையாக அவனிடம் சரக்குக் கேட்டிருந்தது. வாசலிலும் ஜன்னலிலும் தொங்கவிடும் மர அலங்காரங்கள் பாதி, குழந்தைகள் கயிறு கட்டி இழுத்து விளையாடும் வாத்து வண்டிகள் பாதி. கட்டி முடித்த அட்டைப்பெட்டிகளை வைக்க வேறு இடமில்லாமல் படுக்கையறையில் அடுக்கினான். அவன் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். இரவு வேலை முடித்து வருகிறவள், பெட்டிகள் போக மிஞ்சிய ஒரு முழ அகலத்தில் ஒருக்களித்துப் படுப்பாள்.

"இதெல்லாம் வண்டியேறினதும் ரெண்டு கையையும் விரிச்சுப் போட்டுத் தூங்கப்போறேன். வீடே இடிஞ்சாலும் எழுப்பாதீங்க" என்று தினமும் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கியும் போவாள்.

மாமனார் அந்த வீட்டோடு வந்து சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று அவரே கேட்டுப் பட்டறையிலும் பரிசோதனை வேலையை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பொம்மையையும் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். சிராய் இருந்தால், டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்ததுபோல், "இது வித்தவுட், இறக்கிவிடுங்க மாப்பிள்ளை" என்று தனியே தள்ளிவைப்பார். அவர் கன்னத்தில் தேறாத பொம்மை அந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

சரக்கு எடுக்க வண்டி வருகிற நாள் காலை. கடைசிப் பெட்டிக்குப் பொம்மைக்காரன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. வாசல் மணி அடித்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"பொம்மைக்காரர் வீடு இதுதானே? சந்தையில உங்ககிட்ட வாங்கினது. சக்கரம் கழண்டுபோச்சு. இவன் அழுது ஊரைக் கூட்டுறான். கொஞ்சம் ஒட்டிக் குடுத்துடுங்களேன்."

அவள் நீட்டிய வாத்துக்கு மூன்று சக்கரம்தான் இருந்தது. நாலாவதைக் கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்தாள்.

"நல்லவேளை, சக்கரத்தைத் தொலைக்காம வெச்சிருக்கீங்க" என்றான்.

"எங்க தொலையுறது? துரை வாயில போட்டு அடக்கிக்கிட்டிருந்தாரு. என்னடா இவன் சத்தமே இல்லாம இருக்கானேன்னு பார்த்தா, இது! விரலை விட்டு நோண்டி எடுத்தேன். அதுக்கு என்னையே கடிச்சுட்டான்." அவள் சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. கீழே இரண்டு பல், மேலே இரண்டு பல்.

அவன் சிரிக்கவில்லை. சக்கரம் இன்னும் ஈரமாக இருந்தது.

பட்டறை வெளிச்சத்தில், சக்கரம் மாட்டும் அச்சுக்குச்சியின் நுனியைப் பார்த்தான். பச்சை வண்ணம் பளபளவென்று நுனிவரை பூசியிருந்தது. அதன்மேல் பசை பாலாடைபோல் உரிந்து வந்தது. வண்ணத்தின் மேல் பசை பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்கும். அச்சின் நுனியில் வண்ணம் படாமல் விட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

சில வாரங்களுக்கு முன், மழை விடாமல் பெய்தபோது அவனுக்குக் காய்ச்சல். வேலை முடிந்து வந்த மனைவி, "நீங்க படுங்க, நான் பூசிவைக்கிறேன்" என்று உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அச்சுகளுக்கெல்லாம் வண்ணம் பூசினாள். மூக்கில் பச்சைத் தீற்றலோடு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பிரமாதம்" என்றான். நுனிகளை அவள் எதிரிலேயே சுரண்டினால் அவள் தூக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டதுபோல் ஆகும் என்று தோன்றியது. அவள் தூங்கிய பிறகு சுரண்ட உட்கார்ந்தான். தலை சுற்றியது. சிலதைச் சுரண்டினான், சிலதை விட்டான். எதை விட்டான் என்று இப்போது கேட்டால் அவனுக்கே தெரியாது.

வந்த பெண்ணின் வாத்துக்கு நாலு சக்கரத்திலும் துளையிட்டு, அச்சோடு சேர்த்து மரஆணி அடித்துக் கொடுத்தான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஒரு குறையும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினால் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

"மாப்பிள்ளை" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்க மாமா."

"எனக்குக் காது மந்தம்தான். ஆனா தேவையானது கேட்டுடும்." கிழவர் தம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இத்தனை நாளும் கன்னத்துல தேய்ச்சேனே தவிர, ஒரு சக்கரத்தையாவது இழுத்துப் பார்க்கணும்னு தோணலையே எனக்கு."

பொம்மைக்காரன் கத்தியை எடுத்து, இப்போதுதான் ஒட்டிய டேப்பைக் கிழித்தான்.

மனைவி வீட்டுக்கு வந்தபோது கட்டில் முழுவதும் திறந்த பெட்டிகள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றாள்.

"என்னங்க இது? மத்தியானம் வண்டி வருதே!"

"சக்கரம் கழலுது. ஒன்னு திரும்பி வந்துச்சு."

"ஒன்னு கழண்டா எல்லாம் கழண்டுடுமா? உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? ஒட்டின பெட்டியைப் பிரிச்சு வெச்சிருக்கீங்க. நான் எங்க படுக்கிறது? தலையிலயா?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, அசதி. "இன்னிக்கு ஒரு நாள்... இன்னிக்கு மட்டும் எதுவும் ஆகாம இருந்திருக்கக் கூடாதா?"

"குழந்தை வாயில போட்டிருக்கு" என்றான்.

அவள் கைப்பையைத் தரையில் இறக்கிவைத்தாள்.

"என்ன வயசு?"

"நாலு பல் இருக்கு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். சக்கரம் கழன்ற இன்னொரு வாத்தை அவன் கொடுத்தான். நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் பூசினது."

"ம்."

"நுனியில பூசக் கூடாதா?"

"கூடாது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"தூங்காம உக்காந்து பூசினே. எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது" என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. கூடத்தில் கிழவர் மட்டும் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

வாத்தைக் கையில் வைத்தபடியே அவள் சொன்னாள். "போன மாசம் எங்க வார்டுக்கு ஒரு குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. சட்டைப் பட்டன். இத்தனூண்டு." அந்தக் குழந்தை என்ன ஆனது என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவள் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதல் வாத்தை மடியில் வைத்துச் சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள்.

மூவரும் இழுத்தார்கள். பல் பிடுங்குவதுபோல் முறுக்கி இழுக்க வேண்டும். பெரும்பாலானவை அசையவில்லை. அசையாத சக்கரத்தை இழுத்து இழுத்து விரல்நுனி கன்றிப்போனது. திடீரென்று ஒன்று, 'இதற்காகத்தான் காத்திருந்தேன்' என்பதுபோல் சுலபமாகக் கையோடு வந்துவிடும். அதைக் கிழவர், "வித்தவுட்" என்றுகூடச் சொல்லாமல் ஓரமாக வைத்தார்.

அசையாதவற்றையும் நம்பி அனுப்ப முடியாது என்று கடைசியில் தெரிந்தது. இன்று பிடித்திருக்கும் பசை நாளைக்கும் பிடித்திருக்குமா? எல்லாவற்றுக்கும் மரஆணி அடிக்க வேண்டும். அதற்கு நாள்கணக்கில் ஆகும்.

வண்டி வந்தது. ஓட்டுநர், அலங்காரப் பெட்டிகளை மட்டும் ஏற்றிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று தலையைச் சொறிந்தார். பொம்மைக்காரன் கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தான்.

"என்ன சார் விளையாடுறீங்களா? வாத்துக்குன்னு கண்ணாடி அலமாரியையே காலி பண்ணி வெச்சிருக்கேன்" என்றாள் அந்த அம்மாள். "இருக்கிறதை அப்படியே அனுப்புங்க. கழண்டுச்சுன்னா அப்புறம் பார்த்துக்கலாம்."

"கழண்டா அப்புறம் பார்க்க முடியாதுங்க."

"அப்ப அடுத்த வருஷம் எங்க கடைப் பக்கம் வராதீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றான். கோபமோ வருத்தமோ வரும் என்று எதிர்பார்த்தான். கொட்டாவிதான் வந்தது.

"சந்தையில வித்தது?" என்று பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

அதைத்தான் அவன் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்த்தான். வாரச் சந்தையில் மேசை போட்டு விற்ற வாத்துகள். வாங்கியவர்கள் யார், எந்தத் தெரு, எதுவும் தெரியாது. கையில் கொடுத்தான், வாங்கிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

"முதல்ல தூங்கு. நாளைக்குப் பார்ப்போம்" என்றான். அவள் வாத்துகளை ஒதுக்கிக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்தாள். அவன் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினான்.

மறுநாள், விடுமுறைக்கு முந்தைய கடைசிச் சந்தை. பொம்மைக்காரன் தன் வழக்கமான இடத்தில் மேசையைப் போட்டான். மேசையில் பொம்மை ஒன்றும் இல்லை. கைத்துளையான், மரஆணிகள், சுத்தியல். பின்னால் ஓர் அட்டை: 'எங்கள் வாத்து வண்டி வாங்கியவர்கள் தயவுசெய்து கொண்டு வாருங்கள். சக்கரம் கழலும். குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. சரிசெய்து தருகிறோம்.' மாமனார் கழுத்துவரை மப்ளர் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊரே சரக்கை விக்க வந்திருக்கு. நாம மட்டும் நம்ம சரக்கைத் திட்ட வந்திருக்கோம்" என்றார்.

பக்கத்து மேசைப் பூச்சாடிக்காரன், "அண்ணே, இப்படிப் போர்டு வெச்சா யாரு அப்புறம் வாங்குவாங்க?" என்று அங்கலாய்த்தான். பொம்மைக்காரன் தோளைக் குலுக்கினான். வாய்திறந்து விளக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

காலையில் யாரும் வரவில்லை. கூட்டம் அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்தது. ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இந்தப் பக்கம் வராமல் இழுத்துக்கொண்டு போனாள். மதியத்துக்கு மேல் ஒருவர் ஒரு வாத்தோடு வந்தார். அவர் சொல்லி இன்னொரு வீட்டிலிருந்து வந்தார்கள். கிழவர் சக்கரத்தை இழுப்பார். மருமகன் துளையிட்டு ஆணி அடிப்பான். ஒரு மனிதர் வெறுங்கையோடு வந்து, "நாங்க வாங்கின அன்னிக்கே சக்கரத்தைப் புடுங்கிப் பரண்ல போட்டுட்டோங்க. தரையில கடகடன்னு ஓட்டி ஒருத்தரையும் தூங்கவிடல" என்றார். கிழவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுவதிலும் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

சந்தை கலையும்வரை உட்கார்ந்திருந்தார்கள். விற்றதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அட்டையைக் கொண்டுபோய் வீட்டு வாசல் கம்பியில் கட்டினான்.

விடுமுறை நாட்கள் வந்தன. எதிர்வீடுகளின் ஜன்னல்களில் அவன் செய்த நட்சத்திரங்கள் சில தொங்கின. மனைவிக்கு இரண்டு நாள் ஓய்வு. அவள் தூங்கி எழுவாள், சாப்பிடுவாள், பட்டறைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து துளைக்கு அடையாளம் வைப்பாள். ஆணி அடித்து முடித்த வாத்துகளைத் தன் வார்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒருநாள் கேட்டாள். கொண்டுபோ என்றான். போகும்முன் ஒவ்வொன்றையும் அவளே மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். இனி செய்வதற்கென்று அவன் உள்ளங்கை அகலத்தில் புதுச் சக்கரம் கடைந்தான். மாட்டிப் பார்த்ததும் மாமனார் முகத்தைச் சுளித்தார்.

"வாத்து மாதிரியே இல்லையே மாப்பிள்ளை. லாரி மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் மாமா."

வாசல் மணி அடித்தது. அட்டையைப் பார்த்து யாராவது வாத்தோடு வந்திருக்கலாம்; பால்காரராகவும் இருக்கலாம். மூவருமே நிமிர்ந்து பார்த்தார்கள். அவன்தான் முழங்காலில் கையை ஊன்றி, மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, எழுந்து போனான்.