மணி ஒலிக்கும்வரை

பெரிய வியாழனன்று கோயில் மணி ஓய்ந்ததிலிருந்து ஆம்ப்ரோஸ் சுத்தியலைத் தொடவில்லை. ஆண்டவரை ஆணியடித்த நாட்களில் இரும்பின்மேல் இரும்பு விழக்கூடாது என்பது சாந்தோம் சந்துகளில் வழக்கம். சனிக்கிழமை காலைப் பூசையில் மணி திரும்ப ஒலித்தால்தான் பட்டறை திறக்கும். அந்த மணியை நினைத்து நினைத்தே அவன் மனைவி நோராவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு, பாலவாக்கத்துக்கு மேற்கே சதுப்பு வெளியில், குண்டு போடப் பழகிக்கொண்டிருந்த பட்டாள விமானம் ஒன்று தலைகுப்புற விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பையன்களும் கருகிப்போனார்கள். காவல் வருவதற்குள் ஜனங்கள் கைக்குக் கிடைத்ததை அள்ளினார்கள். பாத்திரம் ஒட்டிப் பிழைக்கிற ஆம்ப்ரோஸ் அலுமினியத்தைக் கண்டால் விடுவானா? கொண்டுவந்த தகடுகள் புதனுக்குள் கரண்டிகளாகிவிட்டன. கூடவே வந்த, வால் வைத்த இரும்புக் குண்டு மட்டும் கட்டிலுக்கடியில் கிடந்தது. விமானத்தின் ஆணி ஒன்றை வைத்திருந்தாலும் ஜெயில் என்று தண்டோரா வேறு போட்டுவிட்டார்கள்.

“பழகுற பசங்க கையில நெஜ குண்டைக் குடுப்பானா வெள்ளைக்காரன்? அங்க ஒண்ணு ஒடைஞ்சு கெடந்துது. உள்ள வெறும் மணலு, நோரா.”

“ஒண்ணுல மணலுன்னா எல்லாத்துலயும் மணலா?”

“மணி அடிக்கட்டும். நடுவுல பொளந்து ரெண்டு சட்டி பண்ணித் தரேன். ஒண்ணுல மீன் கொழம்பு வையி. இன்னொண்ணுல உன் பயத்தைப் போட்டு மூடு.”

அவள் சிரிக்கவில்லை. அவள் அண்ணன் வால்டர், யுத்தத்தின்போது ரங்கூன் துறைமுகத்தில், வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்றை ஓரமாக நகர்த்தப்போய்ச் செத்தவன். பெட்டியில் வைக்க உடம்பில்லை. அவன் சட்டையை வைத்துத்தான் பூசை நடந்தது.

சனிக்கிழமை, தலைவலி என்று சொல்லி அவள் பூசைக்குப் போகவில்லை. ஆம்ப்ரோஸ் தெரு திரும்பியதும், குண்டைப் பழைய புடவையில் சுற்றி, பிள்ளையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு அடையாற்று முகத்துவாரத்துக்கு நடந்தாள். கல் இடறிய ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குண்டுக்குள் ஏதோ அசைந்தது. மணல் அப்படி அசையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதை மெள்ளச் சேற்றில் கிடத்திவிட்டுக் கரையேறினாள். தூரத்தில் மணி ஒலித்தது.

ஈரப் புடவையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து ஆம்ப்ரோஸ் ஓடிவந்தான்.

“இடுப்புல மூட்டையோட போனியாமே, பக்கத்து வீட்டு வேலம்மா சொன்னா. எங்க போட்ட?”

நோரா, போட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கையைக் காட்டினாள். அவன் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கித் துழாவ ஆரம்பித்தான். துழாவட்டும், ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று நினைத்தாள்.

அதற்குள் கடல் உள்வாங்கி, முகத்துவாரத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் பேசிச் சிரித்தபடி இறங்கினார்கள். காலால் சேற்றைத் தடவுவார்கள். ஏதாவது தட்டுப்பட்டால் கையிலிருக்கும் இரும்புக் கம்பியால் ஓங்கிக் குத்திக் கிளறுவார்கள். அது நோராவுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் காலையில் நினைவுக்கு வரவில்லை.

“ஏ, இங்க இன்னாவோ கெட்டியா கீதுடி!” என்றாள் அவர்களில் பாஞ்சாலி என்பவள்.

“பொதையலா? எனக்கும் பாதி குடு!” என்று இன்னொருத்தி சிரித்தாள்.

பாஞ்சாலி கம்பியை ஓங்கினாள். சற்றுத் தள்ளி, ஆற்றுப் பாலத்தின்மேல் துப்பாக்கியோடு சிப்பாய் ஒருவன் நின்றிருந்தான். நோரா அவனையும் பார்த்தாள், ஆம்ப்ரோஸையும் பார்த்தாள்.

“குத்தாதே! குண்டு! பட்டாளத்து குண்டு! எல்லாரும் ஓடுங்க!”

கூடைகளை விட்டுவிட்டுப் பெண்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். பாலத்திலிருந்த சிப்பாய் விசில் ஊதினான்.

“இன்னாடி பண்ணிட்ட, பாவி!” என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினான் ஆம்ப்ரோஸ்.

“ஏறி வாங்க. உசுரோட ஏறி வாங்க, அது போதும்.”

அவன் அசையவில்லை. அவளே இறங்கிப்போய்க் கையைப் பிடித்தாள். சிப்பாய்கள் இருவர் சரிவில் இறங்கி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.